வாய் வேறு, காது வேறு: ஹாம் வானொலியில் ஆன்டெனா தேர்வு

எங்கள் பள்ளி ஹாம் வானொலி மன்றத்துக்கு உரிமம் கிடைத்த இரண்டாம் ஆண்டு நடந்தது இது. 80 மீட்டர் அலைவரிசையில் ஐரோப்பிய நிலையம் ஒன்றோடு தொடர்பு கொண்டுவிட வேண்டும் என்று பதினோராம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேர் பெற்றோர் ஒப்புதலோடு பள்ளியிலேயே தங்கினார்கள். விடியற்காலை நான்கு மணி. நான் மோர்ஸ் சாவியில் அழைப்பை அனுப்ப, மாணவர்கள் முறை வைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிலைத் தேடினார்கள். அரை மணி நேரம் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அப்போது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மலை அடிவாரத்தில் இருக்கும் ஹாம் நண்பர் ஒருவரிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. “ஓர் ஐரோப்பிய நிலையம் உங்களை மூன்று முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. நீங்கள் ஏன் பதில் சொல்லவில்லை?”

மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் பதில் இல்லை. எங்கள் குரல் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது. பதிலும் எங்கள் பள்ளி மைதானத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

பிழை என்னுடையதுதான். அதுவரை வைத்திருந்த தாழ்வான கிடைமட்டக் கம்பியை அவிழ்த்துவிட்டு, “தூரம் போக வேண்டுமானால் செங்குத்து ஆன்டெனாதான்” என்று சொல்லி ஒன்றை நிறுத்தியிருந்தேன். அனுப்புவதற்கு அது சரியான தேர்வு. ஆனால் கேட்பதற்கும் அதையே நம்பியிருந்தேன். பள்ளி அளவில் ஹாம் நிலையம் தொடங்கும் ஆசிரியர்கள் பலரும் இந்த இடத்தில் இடறுவதைப் பார்க்கிறேன். மேல்நிலை இயற்பியலில் நாம் நடத்தும் குறுக்கீட்டு விளைவு, மின்தடைகளின் தொடரிணைப்பு, சைகையும் இரைச்சலும் ஆகிய எல்லாமே இந்த ஒரு சிக்கலுக்குள் வந்துவிடுகின்றன. அதனால் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

ஒரே கம்பி, இரண்டு கணக்கு

குறை அதிர்வெண் அலைவரிசைகள் என்று ஹாம்கள் சொல்வது 160, 80, 40 மீட்டர் வரிசைகளை. அதாவது ஏறத்தாழ 1.8, 3.5, 7 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும் என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவரே போட்டுப் பார்த்துவிடுவார். சிக்கல் அந்த எண்ணின் பருமனில் இருக்கிறது. கைப்பேசி அலையின் நீளம் ஒரு கை நீளத்துக்குள் அடங்கும். 160 மீட்டர் அலையோ நம் பள்ளி வளாகத்தைவிட நீளம். அலைநீளத்தோடு ஒப்பிட்டால் நாம் நிறுத்தும் எந்தக் கம்பமும் குட்டைதான், நாம் கட்டும் எந்தக் கம்பியும் தரையை ஒட்டித்தான் இருக்கிறது. குறை அதிர்வெண் ஆன்டெனாவின் கஷ்டங்கள் அத்தனையும் இதிலிருந்து பிறக்கின்றன.

பகலில் இந்த அலைகளை அயனி மண்டலத்தின் கீழடுக்கான டி அடுக்கு உறிஞ்சிவிடுகிறது. 160 மீட்டரை முழுக்கவே விழுங்கிவிடும் எனலாம். 40 மீட்டர் ஓரளவு தப்பித்து, பகலிலும் சில நூறு கிலோமீட்டர் போகும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைகிறது. அலைகள் மேலேயுள்ள எஃப் அடுக்கு வரை போய்த் திரும்பி வருகின்றன. இரவில் மத்திய அலை வானொலியில் தொலைதூர நிலையங்கள் கேட்பதும் இதனால்தான். வானொலிப் பெட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓர் ஆன்டெனா அனுப்பும்போது எந்தத் திசையில் எப்படி நடந்துகொள்கிறதோ, வாங்கும்போதும் அந்தத் திசையில் அப்படியே நடந்துகொள்ளும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அது உண்மை. அப்படியானால் இரண்டு ஆன்டெனா எதற்கு? வகுப்பில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஆன்டெனாவின் இயல்பு ஒன்றுதான். அதனிடம் நாம் கேட்கும் வேலைதான் மாறுகிறது. அனுப்பும்போது, கொடுத்த 100 வாட்டில் எத்தனை வாட் வானுக்குப் போயிற்று என்பதே கேள்வி. வாங்கும்போது வாட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வந்து சேர்ந்த சைகை, கூடவே வந்த இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான் கேள்வி. முதலாவதன் விடை பயனுறுதிறன். இரண்டாவதன் விடை சைகை-இரைச்சல் விகிதம்.

தரை என்னும் கண்ணாடி

முதலில் கிடைமட்ட இருமுனை ஆன்டெனாவை எடுத்துக்கொள்வோம். 3.6 மெகாஹெர்ட்சில் அரை அலைநீளம் ஏறத்தாழ 40 மீட்டர் கம்பி. மேல்நிலைத் தொட்டிக்கும் தென்னை மரத்துக்கும் நடுவே பத்து மீட்டர் உயரத்தில் கட்டிவிடலாம். பள்ளிகளில் இதைத்தான் முதலில் கட்டுவோம்.

தரை ஒரு கண்ணாடி போல வேலை செய்கிறது. ஆன்டெனாவிலிருந்து நேராகப் போகும் அலை ஒன்று, தரையில் பட்டு எதிரொளித்துப் போகும் அலை ஒன்று. இரண்டும் தொலைவில் சேர்கின்றன. கிடைமட்டக் கம்பியானால் எதிரொளிக்கும்போது அலை தலைகீழாகிறது, அதாவது அரை அலைநீளத்துக்குச் சமமான கட்ட மாற்றம் அடைகிறது. பாதை வேறுபாடு, உயரத்தின் இருமடங்கை ஏற்றக் கோணத்தின் சைனால் பெருக்கியது. இந்தப் பாதை வேறுபாடும் அரை அலைநீளமாக இருந்தால் இரண்டு அலைகளும் ஒத்துச் சேரும். ஆகவே அதிகபட்சக் கதிர்வீச்சுக் கோணத்துக்கு,

சைன் (கோணம்) = அலைநீளம் ÷ (4 × உயரம்)

என்று வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் மென்படலக் குறுக்கீட்டுக்கு நாம் போடும் அதே கணக்கு. சோப்புக் குமிழிக்குப் பதில் மைதானம், அவ்வளவுதான்.

இப்போது எண்களைப் போடுங்கள். அலைநீளம் 83 மீட்டர், உயரம் 10 மீட்டர். 83-ஐ 40-ஆல் வகுத்தால் 2.1. சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டாது. ஆகவே எந்தக் கோணத்திலும் அலைகள் முழுதாக ஒத்துச் சேர்வதில்லை. உச்சந்தலைக்கு நேர் மேலேதான் ஓரளவு நன்றாகச் சேர்கின்றன. ஆற்றலின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, மழை போல நம்மைச் சுற்றியே இறங்குகிறது. மாநிலத்துக்குள்ளும் அண்டை மாநிலங்களோடும் பேச இதைவிடச் சிறந்தது கிடையாது. நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை. புயல் காலத்தில் மாவட்டங்களுக்கு இடையே செய்தி பரிமாற இந்தத் தாழ்ந்த கம்பிதான் கைகொடுக்கும்.

ஐரோப்பா வேண்டுமென்றால் கதை வேறு. எஃப் அடுக்கு 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 30 பாகைக் கோணத்தில் கிளம்பும் அலை ஒரே தாவலில் சுமார் 930 கிலோமீட்டர் போகும். 10 பாகையில் கிளம்பினால் சுமார் 2200 கிலோமீட்டர். ஒவ்வொரு தாவலிலும் இழப்பு உண்டு, ஆகவே தாவல்கள் குறைய வேண்டும், கோணம் தாழ வேண்டும். கிடைமட்டக் கம்பியில் 30 பாகை கிடைக்கவே அரை அலைநீள உயரம் வேண்டும் என்று மேலுள்ள சூத்திரம் சொல்கிறது. 80 மீட்டர் வரிசைக்கு அது 40 மீட்டருக்கு மேல். பதினான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். 40 மீட்டர் வரிசைக்கு அதில் பாதி. அதுவே பெரும்பாலான பள்ளிகளுக்குக் கனவுதான்.

செங்குத்துக் கம்பியில் தரைக் கண்ணாடி நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. பிம்பத்தின் மின்னோட்டம் மூலக் கம்பியின் மின்னோட்டத்தோடு ஒரே திசையில் இருப்பதால், தாழ்ந்த கோணங்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை செய்கின்றன. நான் செங்குத்துக்கு மாறியது இதனால்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தரை வழியே திரும்பி வரும் மின்னோட்டம் மண்ணின் மின்தடையைக் கடந்து வர வேண்டும்.

பன்னிரண்டு மீட்டர் கம்பத்தின் கணக்கு

160 மீட்டர் வரிசையில் இந்த விலை எவ்வளவு என்று பார்ப்போம். அதிர்வெண் 1.83 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 164 மீட்டர். நம்மிடம் இருப்பது 12 மீட்டர் கம்பம். குட்டையான செங்குத்துக் கம்பியின் கதிர்வீச்சு மின்தடை, உயரத்துக்கும் அலைநீளத்துக்குமான விகிதத்தின் வர்க்கத்தை 395-ஆல் பெருக்கினால் கிடைக்கும். இங்கே விடை 2.1 ஓம். இது உண்மையான கம்பியின் மின்தடை அன்று. வானுக்குப் போகும் திறனுக்கு நாம் வைக்கும் கணக்குப் பெயர். இதோடு தொடராக, குட்டைக் கம்பியை ஒத்ததிர வைக்கும் சுருளின் இழப்பு ஒரு 5 ஓம், மண்ணின் இழப்பு ஒரு 15 ஓம் என்று வையுங்கள். மொத்தம் 22 ஓம். அதில் 2.1 ஓமில் செலவாவது மட்டுமே கதிர்வீச்சு. 100 வாட் கொடுத்தால் வானுக்குப் போவது 10 வாட்டுக்கும் குறைவு. மீதி 90 வாட் சுருளைச் சூடாக்குவதற்கும் மண்புழுக்கள் குளிர்காய்வதற்கும்.

கம்பத்தை உயர்த்த முடியாது. ஆனால் கம்பத்தின் உச்சியிலிருந்து கம்பியைக் கிடையாக 28 மீட்டர் இழுத்துச் செல்லலாம். தலைகீழாகக் கவிழ்த்த எல் எழுத்து வடிவம். கால் அலைநீளம் நிறைந்துவிடுவதால் சுருள் தேவையில்லை. அதைவிட முக்கியம், முன்பு உச்சியில் பூஜ்யமாகித் தேய்ந்துபோன மின்னோட்டம் இப்போது செங்குத்துப் பகுதி முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் ஓடுகிறது. சராசரி மின்னோட்டம் ஏறத்தாழ இருமடங்கானால் கதிர்வீச்சு மின்தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். கணக்கிட்டால் 8 ஓம் வருகிறது. அதே 15 ஓம் மண்ணில் பயனுறுதிறன் 8-ஐ 23-ஆல் வகுக்க, 35 விழுக்காடு. அதே கம்பம், அதே மண், கூடுதலாகக் கொஞ்சம் கம்பி மட்டும்.

அடுத்து மண். கம்பத்தின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போலத் தரையில் கம்பிகளைப் பரப்பி மண்ணின் இழப்பை 5 ஓமுக்குக் கொண்டுவந்தால் 62 விழுக்காடு ஆகிறது. எத்தனை கம்பிகள் வேண்டும்? ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் 1937-இல் வெளியிட்ட அளவீடுகளைப் பின்பற்றி, வானொலி நிலையங்கள் 120 ஆரக்கம்பிகளைப் புதைப்பது வழக்கமாயிற்று. பள்ளிக்கு அவ்வளவு வேண்டாம். கையில் இருக்கும் கம்பி 300 மீட்டர்தான் என்றால், 40 மீட்டரில் ஏழு போடுவதைவிட 12 மீட்டரில் இருபத்தைந்து போடுவது நல்லது. இழப்பின் பெரும்பகுதி கம்பத்தின் அடியை ஒட்டித்தான் நடக்கிறது. பழைய மின்மோட்டாரிலிருந்து பிரித்தெடுத்த செப்புக் கம்பி போதும். மோட்டார் சுற்றும் கடைக்காரரிடம் பள்ளிக்கு என்று கேட்டால் எடைக்குக் கொடுத்துவிடுவார்.

ஒரு பொங்கல் விடுமுறையில் மாணவர்களோடு இந்தக் கம்பிகளைப் பதித்தேன். எட்டுக் கம்பி பதித்ததும் ஒருமுறை, பதினாறு பதித்ததும் ஒருமுறை, முப்பத்திரண்டில் ஒருமுறை என ஆன்டெனாவின் உள்ளீட்டு மின்தடையை அளந்து குறித்துக்கொள்ளச் சொன்னேன். மின்தடை குறைந்துகொண்டே வந்தது. “எல்லாரும் கூடணும்னுதான் சார் பார்ப்பாங்க, இங்கே குறையறதுக்குச் சந்தோஷப்படறோம்” என்றாள் ஒரு மாணவி. இழப்பின் பகுதிதான் தேய்கிறது, கதிர்வீச்சின் பகுதி அப்படியே இருக்கிறது என்று அதன்பின் விளக்குவது எளிதாகிவிட்டது.

நூறாண்டுக்கு முன் இரண்டு ஆன்டெனாக்கள்

இரண்டு வேலைக்கு இரண்டு ஆன்டெனா என்பது புதிதன்று. 1921 டிசம்பரில், அட்லாண்டிக்கைக் கடந்து அமெச்சூர் நிலையங்களின் சைகைகள் கேட்குமா என்று சோதிக்க, அமெரிக்க ஹாம் அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல். தன் சார்பில் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த முதல் சோதனையில் ஒன்றும் கேட்கவில்லை. காட்லி ஆர்ட்ராசன் என்ற கடலோர ஊரில், குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரத்தில் ஏற்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அனுப்பிய பக்கம் கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில் இருந்த 1-பி-சி-ஜி நிலையம். அதைக் கட்டியவர்களில் ஒருவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், பின்னாளில் பண்பலை ஒலிபரப்பைத் தந்தவர். அலைநீளம் 230 மீட்டர், திறன் ஏறத்தாழ ஒரு கிலோவாட். அவர்களுடைய ஆன்டெனா ஆங்கில டி எழுத்து வடிவம். உச்சியில் கிடையாகப் பரந்த கம்பிக் கூண்டு, கீழே ஆரக்கால்களாக விரித்த கம்பிகள். மேலே நாம் போட்ட கணக்கின் இரண்டு படிகளும் அதில் இருக்கின்றன.

காட்லி ஸ்காட்லாந்தில் அப்படி எதையும் நிறுத்தவில்லை. வயலில் சுமார் 1300 அடி, அதாவது 400 மீட்டர் நீளத்துக்குத் தாழ்வாக ஒரு கம்பியை ஓடவிட்டார். ஹெரால்ட் பெவரேஜ் என்ற பொறியாளர் உருவாக்கி அதே ஆண்டு காப்புரிமை பெற்றிருந்த ஆன்டெனா அது. அனுப்புவதற்கு அதைப் பயன்படுத்தினால் கொடுத்த திறனில் சில விழுக்காடுகூட வானுக்குப் போகாது. அப்படிப்பட்ட கம்பியில்தான் சுமார் 5000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து 1-பி-சி-ஜி அனுப்பிய முழுச் செய்தி ஒன்று பிழையில்லாமல் வந்து சேர்ந்தது.

மோசமான ஆன்டெனா எப்படி நல்ல காது ஆகிறது?

வகுப்பறையில் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் ஒரு குழந்தை மெல்லிய குரலில் விடை சொல்கிறது. உங்கள் காதின் கூர்மையைப் பத்து மடங்கு கூட்டினால் சத்தமும் பத்து மடங்கு கூடும், பயனில்லை. உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து அந்தப் பக்கம் திரும்பினால் கேட்கும்.

எண்ணில் சொன்னால், எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வாங்கும் ஆன்டெனாவில் இரைச்சல் 100 அலகு, சைகை 20 அலகு என்று கொள்வோம். விகிதம் ஐந்தில் ஒன்று. சைகை இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கிறது. வேறோர் ஆன்டெனா, வரும் எல்லாவற்றையும் நூறில் ஒரு பங்காக்கிவிடுகிறது, ஆனால் சைகை வரும் கால் பகுதித் திசைகளிலிருந்து மட்டுமே வாங்குகிறது. சைகை 0.2, இரைச்சல் 0.25. ஏற்பியின் பெருக்கியை நூறு மடங்கு கூட்டினால் சைகை 20, இரைச்சல் 25. இப்போது மோர்ஸ் ஒலியைக் காது பிரித்தெடுத்துவிடும்.

நூறில் ஒரு பங்காகக் குறைந்ததால் நட்டம் இல்லையா? பெருக்கியே சொந்தமாக இரைச்சல் உண்டாக்குமே? உயர் அதிர்வெண்ணில் இது நியாயமான கவலை. குறை அதிர்வெண்ணில் வெளி இரைச்சல் அவ்வளவு பெரிது. கிராமப்புறத்திலேயே, 3.5 மெகாஹெர்ட்சில் வெளியிலிருந்து வரும் இரைச்சல், வெப்பத்தால் மட்டும் எழும் இரைச்சலைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல். நூறு மடங்கு குறைத்த பிறகும் அதுதான் மேலோங்கி நிற்கும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஏற்பியிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால், கேட்டுக்கொண்டிருந்தது வெளி இரைச்சல். அந்த ஆன்டெனா இன்னும் அதிகமாக வாங்கிப் பயனில்லை, திசை தேர்ந்து வாங்கினால்தான் பயன்.

பெவரேஜ் ஆன்டெனாவைக் கட்டுவது எளிது. ஓர் அலைநீளம் அல்லது அதற்கு மேல் நீளமான கம்பி, இரண்டு மீட்டர் உயரத்தில், மூங்கில் கழிகளின் மேல். சைகை வரும் பக்கத்து முனையை 470 ஓம் கார்பன் மின்தடையம் வழியே தரையிறக்க வேண்டும். மறுமுனையில், ஃபெரைட் வளையத்தில் மூன்றுக்கு ஒன்று என்ற சுற்று விகிதத்தில் சுற்றிய மின்மாற்றி. அதிலிருந்து கேபிள் ஏற்பிக்கு. செங்குத்துத் தளவிளைவுள்ள அலை மின்தடை மிகுந்த மண்ணின் மேல் வரும்போது அதன் முகப்பு சற்று முன்சாய்கிறது. அந்தச் சாய்வால் கம்பியின் நீளவாக்கில் சிறு மின்புலம் உண்டாகிறது. அலை முன்னேற முன்னேறக் கம்பியிலுள்ள மின்னோட்டமும் அதோடு கூடவே நடந்து, சேர்ந்து, வளர்ந்து ஏற்பிக்கு வருகிறது. எதிர்த் திசையிலிருந்து வரும் அலை வளர்த்த மின்னோட்டம் மறுமுனைக்குப் போய் மின்தடையத்தில் வெப்பமாகிறது. அனுப்பும் ஆன்டெனாவுக்குக் கெட்ட மண், இதற்கு நல்ல மண்.

நமக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. குறை அதிர்வெண் இரைச்சலின் பெரிய ஊற்று மின்னல். உலகில் இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் இந்தோனேசியத் தீவுகளைச் சூழ்ந்த பகுதி ஒன்று. அங்கே எழும் இரைச்சல் இரவில் அயனி மண்டலம் வழியே நம்மிடம் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பா வடமேற்கு. சுமத்ராவும் ஜாவாவும் அதற்கு நேர் எதிரான பக்கம். வடமேற்கு நோக்கிய பெவரேஜ், நாம் விரும்பும் பக்கம் செவி கொடுத்து, இடி முழங்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டுகிறது. என் செங்குத்து ஆன்டெனா அன்று விடியற்காலை இரண்டையும் சமமாகக் கேட்டது. போதாக்குறைக்கு, பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளின் எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்து தரையோடு வரும் இரைச்சலில் செங்குத்துத் தளவிளைவே மிஞ்சி நிற்கும்.

இடமில்லாத பள்ளிக்கு

நூறு மீட்டர் வயல் எல்லாப் பள்ளிக்கும் வாய்க்காது. அவர்களுக்கு வளைய ஆன்டெனா. ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரமாக மரச்சட்டத்தில் ஒரே சுற்றுக் கம்பி. பழைய வானொலிப் பெட்டியின் கேங் கண்டன்சரை அதன் இரு முனைகளுக்கும் இடையே இணைத்தால், 3.6 மெகாஹெர்ட்சுக்குச் சுமார் 380 பிகோஃபாரடிலும் 7.1-க்குச் சுமார் 100 பிகோஃபாரடிலும் ஒத்ததிரும். இரண்டு வரிசையும் ஒரே கண்டன்சரில் முடிந்துவிடும். உள்ளே இருபது சென்டிமீட்டர் அளவில் ஒரு சிறு வளையம் வைத்து அதிலிருந்து கேபிளை எடுக்கலாம். வளையத்தின் தளம் நோக்கும் திசையில் நன்றாக வாங்கும். தளத்துக்குச் செங்குத்தான திசையில் ஏறத்தாழ ஒன்றும் வாங்காது. இந்தச் ‘செவிட்டுத் திசை’தான் வளையத்தின் சொத்து. அடுத்த வீட்டு இன்வெர்ட்டரை அந்தத் திசையில் வைத்துவிட வேண்டும். வானிலிருந்து சாய்ந்து வரும் சைகை அவ்வளவாகக் குறையாது. தரையோடு வரும் இரைச்சல் விழுந்துவிடும்.

சற்றே பெரிய இடம் இருந்தால், ஏழெட்டு மீட்டர் கம்பத்தில் முக்கோணமாக இறங்கி, ஒருபுறம் மின்தடையத்தோடு தரையில் முடியும் கே-9-ஏ-ஒய் வளையத்தை முயலலாம். முன்னும் பின்னும் வேறுபடுத்தும். அதன் விவரத்துக்குள் இங்கே போகவில்லை.

எந்தக் காதை வைத்தாலும் அதை அனுப்பும் ஆன்டெனாவிலிருந்தும் கட்டட மின்கம்பிகளிலிருந்தும் தள்ளி வையுங்கள். அனுப்பும்போது ஏற்கும் ஆன்டெனாவைத் துண்டிக்கும் ரிலே கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஏற்பியின் முகப்பு எரிந்துபோகும். பல டிரான்ஸ்சீவர்களில் ஏற்கும் ஆன்டெனாவுக்கெனத் தனி இணைப்பு இருக்கிறது. அது இல்லாத கருவியில் ஆளுக்கொரு சுவிட்சைப் போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மற்ற எச்சரிக்கைகளைச் சுருக்கிச் சொல்ல முடியாது. மின்வாரியக் கம்பிக்கு மேலும் கீழும் குறுக்காகவும் எந்தக் கம்பியையும் கட்டக்கூடாது. கம்பம் சாய்ந்தால் மின்கம்பியைத் தொடும் தூரத்திலும் நிறுத்தக்கூடாது. அனுப்பும் ஆன்டெனாவின் முனைகளில் 100 வாட்டிலேயே தோலைச் சுடும் மின்னழுத்தம் இருக்கும், ஆகவே அடியைச் சுற்றி வேலி வேண்டும். இடி கேட்டால் இரண்டு ஆன்டெனாக்களையும் கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும். நீளமான பெவரேஜ் கம்பி, தொலைவில் விழும் மின்னலிலேயே அதிர்ச்சி தரும். ஏப்ரல், மே மாலைகளிலும் ஐப்பசி மழையிலும் எங்கள் மன்றத்தில் ஆன்டெனா வேலையே கிடையாது.

உரிமம் இல்லாத பள்ளியிலும்

அனுப்புவதற்கு உரிமம் வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம் என்பதால் ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம். அதற்கு முன்பே, தொடக்கப் பள்ளியிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மத்திய அலை எடுக்கும் சிறிய பாக்கெட் வானொலி போதும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு ஒரு குட்டி வளைய ஆன்டெனா. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் பகலில் கேட்கும் ஊராக இருந்தால், அதை வைத்துக்கொண்டு வானொலியைக் கிடையாக மெல்லச் சுழற்றச் சொல்லுங்கள். ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடங்களில் ஒலி அமுங்கும். அப்போது தண்டின் முனை காட்டும் கோட்டைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து, வரைபடத்தில் திருச்சி எந்தப் பக்கம் என்று ஒப்பிடட்டும். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இதைச் சளைக்காமல் செய்வார்கள். பிறகு நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, பள்ளியில் எந்த விளக்கு, எந்த சார்ஜர் இரைகிறது என்று அதே வானொலியோடு அறை அறையாகத் தேடலாம். எங்கள் பள்ளியில் மிக மோசமான குற்றவாளி தலைமையாசிரியர் அறையில் இருந்தது. அதைச் சொல்லும் பொறுப்பை மாணவர்கள் என்னிடமே விட்டுவிட்டார்கள்.

தை அறுவடை முடிந்ததும் பள்ளிக்குப் பின்புற வயலின் உரிமையாளர் ஒரு மாதத்துக்கு இடம் கொடுத்தார். வடமேற்காக 160 மீட்டர், 80 மீட்டர் வரிசைக்கு ஏறத்தாழ இரண்டு அலைநீளம், மாணவர்களே மூங்கில் ஊன்றிக் கம்பி இழுத்தார்கள். முதல் இரவு ஏற்பியைப் பெவரேஜுக்கு மாற்றியதும் ஒருவன் முகம் வாடிவிட்டது. “சார், முள் கீழே இறங்கிடுச்சு.” சைகையளவுமானியின் முள் அடிமட்டத்தில் கிடந்தது. “ஹெட்போனை மாட்டிப் பாருடா” என்றேன். மாட்டினான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்து, கேட்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுத ஆரம்பித்தான். அந்த மாதம் பதிவேட்டில் ஐரோப்பிய நிலையங்கள் பதினொன்று ஏறின. மாசி பிறந்ததும் வயல்காரர் உளுந்து விதைக்க வந்தார், கம்பியைச் சுருட்டிக்கொண்டோம்.